பிள்ளைகளிடம் யார் பேசுவது?

(நமது அறக்கட்டளையின் சார்பில் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அழைப்பிதழில் "வளரிளம் பிள்ளைகளும் பெற்றோர் பொறுப்பும்" என்று போட்டிருந்தோம். அது கொஞ்சம் தந்திரம்தான். பாலியல் கல்வி என்று அச்சடித்திருந்தால் இந்த மண்டபத்தில் பாதி நாற்காலி காலியாக இருந்திருக்கும். மீதிப் பாதியில் நம்மைக் கண்டிக்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது கதவைச் சாத்தியாயிற்று, தேநீரும் கொடுத்தாயிற்று. இனி விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய உடம்பைப் பற்றி, பருவமடைவதைப் பற்றி, ஆண் பெண் உறவைப் பற்றி, தங்களைப் பாதுகாத்துக்கொள்வதைப் பற்றி ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கூட்டம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மருத்துவ உதவி கேட்டு ஒரு தாய் மனுப் போட்டார். மகனுக்குப் பதினைந்து வயது. வாப்பா சபுரில். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, மெலிந்துகொண்டே போகிறான், பள்ளிவாசல் பக்கமே வருவதில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று நம் கணக்கிலும் செலவு ஆனது. எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் உம்மாவை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பையனுக்குத் தூக்கத்தில் விந்து வெளியாகியிருக்கிறது. அது உயிர்ச்சத்து, அது போய்விட்டால் ஆள் முடிந்தான் என்று ராத்திரி டிவியில் ஒரு வைத்தியர் சொன்னதைக் கேட்டிருக்கிறான். பக்கத்து டவுனில் லாட்ஜ் எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போய், தவணை முறையில் லேகியம் வாங்கித் தின்றிருக்கிறான். பணம் உம்மாவின் நகைச்சீட்டுப் பணம். பள்ளிவாசலுக்கு ஏன் வருவதில்லை என்றால், தான் எந்நேரமும் அசுத்தமாக இருக்கிறோம் என்ற எண்ணம். குளித்தால் சுத்தமாகிவிடலாம் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை!

இஹ்திலாம் என்பது பருவமடைந்த ஆண்பிள்ளைக்கு ஏற்படுகிற சாதாரண விஷயம். தூங்குபவன் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. குளிப்பு கடமையாகும், அவ்வளவுதான். நம் ஷாஃபி மத்ஹபில் விந்து நஜீஸ்கூட இல்லை. உடம்பு அதை அன்றாடம் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, அதனால் எந்தச் சத்தும் குறைவதில்லை என்பதை எந்த எம்பிபிஎஸ் டாக்டரும் சொல்வார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய சமாச்சாரம். இதைச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு பிள்ளை ஒரு வருடம் தொழுகையை விட்டிருக்கிறான்.

பெண்பிள்ளைகள் கதை வேறு மாதிரி. நம் வீடுகளில் ரமளானில் நடக்கிற ஒரு நாடகம் தாய்மார்களுக்குத் தெரியும். மாதவிடாய் வந்த பெண் நோன்பு பிடிக்க முடியாது. ஆனால் வாப்பாவுக்கும் காக்காமார்களுக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று சஹருக்கு எழுந்து சாப்பிடுவாள், பகல் முழுக்கப் பட்டினி கிடப்பாள், இஃப்தாருக்கு எல்லோரோடும் உட்கார்ந்து பேரீச்சம்பழம் எடுப்பாள். மார்க்கம் அவளுக்குக் கொடுத்த சலுகையை நாம் வெட்கம் என்ற பெயரில் பறித்துக்கொண்டோம். இன்னும் மோசம், சில பிள்ளைகளுக்குச் சட்டமே தெரிவதில்லை. ஹைளு நாட்களில் விடுபட்ட நோன்பைக் களாச் செய்ய வேண்டும், தொழுகையைக் களாச் செய்ய வேண்டியதில்லை என்பதுகூடத் தெரியாமல் கல்யாணம் ஆகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகபட்சம் எத்தனை நாள் என்பதில் ஷாஃபியில் பதினைந்து, ஹனஃபியில் பத்து. மத்ஹப் மாறிச் சம்பந்தம் செய்கிற வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இதில் வரும் குழப்பம் தனி.

நம் முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெரியோர்கள் அரபுத்தமிழில் ஃபிக்ஹு நூல்களை எழுதினார்கள். அரபுக் கல்லூரிக்குப் போக முடியாத பெண்கள் வீட்டில் இருந்தே ஓதி விளங்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நோக்கம். ஃபிக்ஹு நூல் எதுவானாலும் முதலில் வருவது சுத்தத்தின் பாடம். தண்ணீரின் வகை, ஒளு, குளிப்பு கடமையாகும் காரணங்கள், ஹைளு, நிஃபாஸ், பாலிகு ஆவதன் அடையாளங்கள். நம் உம்மம்மாமார்கள் ஓதுகிற வீட்டில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஓதியது அதைத்தான். அவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருந்திருக்கலாம், தங்கள் உடம்பின் சட்டம் தெரிந்திருந்தது.

இப்போது என்ன ஆகிறது? ஐந்து வயதில் மக்தபில் சேர்க்கிறோம். பத்துப் பதினொரு வயதில், குர்ஆன் முடித்த கையோடு, "டியூஷன் இருக்கு ஹஜ்ரத்" என்று நிறுத்திவிடுகிறோம். சரியாக அந்தப் பாடம் தேவைப்படும் வயதில்தான் பிள்ளை மக்தபை விட்டுப் போகிறது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது, பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது. பல வகுப்பறைகளில் ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதை வீட்டில் படிச்சுக்குங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாண்டிவிடுகிறார். வீட்டில் நாம் மதரஸா சொல்லிக்கொடுத்திருக்கும் என்று இருக்கிறோம். பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. அது எதையும் தாண்டிப் போவதில்லை, தொண்டையைச் செருமுவதும் இல்லை.

"இதெல்லாம் வெளிப்படையாகப் பேசுவது ஹயாவுக்கு மாற்றமில்லையா?" என்று போன மாதம் நிர்வாகக் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஹயா ஈமானின் ஒரு பகுதி. ஆனால் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் நேரே வந்து, உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரை சொல்லிவிட்டு, பெண்ணுக்கு இஹ்திலாம் ஏற்பட்டால் குளிப்பு கடமையா என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த உம்மு ஸலமா (ரலி) வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கேட்டவரைக் கண்டிக்கவில்லை, கேள்விக்குப் பதில் சொன்னார்கள். அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததே, மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காகத்தான்.

வாலிபர் ஒருவர் நபியவர்களிடம் வந்து விபச்சாரத்துக்கு அனுமதி கேட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொருவராகக் கேட்டு, நெஞ்சில் கை வைத்து துஆச் செய்து அனுப்பினார்கள். நம்மிடம் நம் மகன் அப்படி ஒரு கேள்வி கேட்டால் கை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயம், கூச்சமே கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. அலீ (ரலி) அவர்களுக்கு மதீ என்ற கசிவைப் பற்றிச் சந்தேகம். நபியவர்களோ மாமனார். நேரில் கேட்கக் கூச்சம். என்ன செய்தார்கள்? மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சபுரில் இருக்கும் வாப்பாமார்களுக்கும், மகனிடம் பேச முடியாமல் தவிக்கும் உம்மாமார்களுக்கும் இதில் வழி இருக்கிறது. உங்களுக்கு வாய் வரவில்லையா, ஒரு மிக்தாதைப் பிடியுங்கள். தாய்மாமாவாக இருக்கலாம், சாச்சாவாக இருக்கலாம், பள்ளி இமாமாக இருக்கலாம். நமதூரில் ஒருவர் இரண்டு மாத லீவில் வந்தபோது, மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய், திரும்பும் வழியில் பேசியிருக்கிறார். முகத்தைப் பார்க்காமல் பேசலாம், அதனால் வண்டியில் போகும்போது சொன்னேன் என்றார். அதுவும் ஒரு நல்ல யுக்தி.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கஷ்டமானது. சொல்லாமல் இந்தக் கூட்டத்தை நடத்த நமக்குத் தகுதி இல்லை.

பல வருடங்களுக்கு முன்பு, போக்சோ சட்டம் வருவதற்கும் முன்பு, ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். எட்டு வயது மகன். வீட்டுக்கு வந்து ஓதிக்கொடுத்த ஒருவரைப் பற்றிய புகார். பிள்ளை முதலில் சொன்னது "அவர் சரியாச் சொல்லிக்கொடுக்க மாட்டேங்குறார்" என்பதுதான். படிப்புக்குச் சோம்பல் படுகிறான் என்று இரண்டு அடி கொடுத்து மறுபடியும் உட்கார வைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்ல அந்தப் பிள்ளையிடம் வார்த்தை இல்லை. உடம்பின் அந்த இடத்துக்கு வீட்டில் யாரும் பெயர் சொல்லித் தந்ததில்லை. அதைப் பற்றிப் பேசுவதே தப்பு என்றுதான் சொல்லித் தந்திருந்தார்கள். மாதக்கணக்கில் அவன் அதைச் சுமந்திருக்கிறான்.

நாம் என்ன செய்தோம்? பெரியவர்கள் நாலு பேர் கூடினோம். ஊர் பேர் கெடும், பிள்ளையின் எதிர்காலம் கெடும், மார்க்கத்தைக் குறை சொல்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்று பேசினோம். அந்த ஆளை ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு அனுப்பிவிட்டோம். பிரச்சினை தீர்ந்தது என்று கை கழுவினோம். அவர் போன ஊரிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்பது அன்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையன் இன்று பெரியவனாகிவிட்டான். நம்மைக் கண்டால் ஸலாம் சொல்லாமல் எதிர்ச்சாரிக்கு மாறிப் போவான். அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்கள். அதில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஆண்பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். நாம் மகளை மட்டும் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம். மகனைத் தெருவில் விட்டால் கவலை இல்லை என்றிருக்கிறோம். அந்தக் கணக்கு தப்பு.

இதற்கு என்ன செய்வது என்று வெளியே தேட வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு அவ்ரத் என்ற வார்த்தை தொழுகை கற்கும்போதே தெரியும். அந்த வார்த்தையைக் கொண்டே சொல்லலாம். உன் அவ்ரத்தை யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது. சின்ன வயதில் கழுவிவிடும் உம்மா, நோய்க்குப் பார்க்கும் டாக்டர், அதுவும் உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வேறு யார் தொட்டாலும், தொடச் சொன்னாலும், படம் காட்டினாலும் எங்களிடம் சொல். ஹஜ்ரத்தாக இருந்தாலும், மாமாவாக இருந்தாலும், காக்காவாக இருந்தாலும் சொல். "உம்மாட்ட சொல்லாதே" என்று யாராவது சொன்னால் அதை முதலில் உம்மாவிடம் சொல். உடல் உறுப்புகளின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் சொல்லும் செல்லப் பெயரைப் போலீஸிலும் டாக்டரிடமும் யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

சூரத்துந் நூரில் அல்லாஹ் மூன்று நேரங்களைச் சொல்கிறான். சுபுஹுக்கு முன், நடுப்பகலில் ஆடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். இந்த நேரங்களில் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும். பருவமடைந்தபின் எந்த நேரத்திலும் கேட்க வேண்டும். பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொன்னது ஹதீஸ். இந்தக் காலத்தில் தனிமை, உடல் எல்லை என்றெல்லாம் புதுப் பெயரில் சொல்கிறார்களே, அதன் அடிப்படை இதில் இருக்கிறது. ஒரே ஹாலில் குடியிருக்கும் வீடுகளில் என்ன செய்வது என்பீர்கள். தனி அறை முடியாது, தனிப் பாய் முடியும். ஒரு திரை கட்ட நூறு ரூபாய் துணி போதும். கல்யாண வீடுகளில் மாடியில் வரிசையாகப் பாய் விரித்து, வெளியூர் விருந்தாளி, தூரத்துச் சொந்தம், மாப்பிள்ளைத் தோழர், நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாகப் படுக்க வைக்கிறோமே, அதை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். பந்திக்கு எவ்வளவு கவனம் எடுக்கிறோம்! படுக்கைக்கும் ஒரு ஆளைப் பொறுப்பாகப் போடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், ஆணானாலும் பெண்ணானாலும். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. ஜமாஅத்தில் பேசி முடிப்பதற்கு அதில் இடமே இல்லை. அன்று நாம் செய்ததை இன்று செய்தால் நாமும் உள்ளே போக வேண்டியதுதான், அதுதான் சரி. பலர் பயப்படுவதைப் போல் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்கக் கூடாது. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. 1098 என்ற எண்ணை எல்லோரும் போனில் பதிந்து வையுங்கள்.

வாலிபப் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும். பதினேழு வயதுப் பெண் சம்மதித்தாள் என்பது சட்டத்தில் செல்லாது. பத்தொன்பது வயதில் கல்லூரிக்குப் போகும் நம் பையன், காதல் என்று நினைத்துக்கொண்டு பல வருடச் சிறைக்குரிய குற்றத்தில் மாட்டுகிறான். பதினெட்டு முடியாத பெண்ணுக்கு அவசரப்பட்டு நிக்காஹ் செய்து வைக்கும் குடும்பங்களும் இதே வலையில்தான் விழுகின்றன. அப்புறம் போனில் வரும் படங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசக் காட்சியை யாரோ அனுப்பினார்கள், நான் வெறுமனே வைத்திருந்தேன் என்பது தப்பிக்கும் வழி அல்ல. சென்னை அம்பத்தூரில் தொடங்கிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னது. அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம். அதே தீர்ப்பில், பிள்ளைகளுக்கு முழுமையான பாலியல் கல்வி கொடுப்பதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. 2007-இல் பள்ளிக்கூடங்களில் இதைக் கொண்டுவர முயன்றபோது பல மாநிலங்கள் இந்தக் காரணத்தைச் சொல்லியே தடுத்தன. நம்மவர்கள் மட்டுமல்ல, எல்லாச் சமுதாயத்தாரும் எதிர்த்தார்கள். இதில் அபூர்வமான ஒற்றுமை! யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நூலில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே தவறான உறவில் இறங்குவது கூடவில்லை. சில இடங்களில் அது தள்ளிப்போயிருக்கிறது. அந்த நூலில் உள்ள எல்லாவற்றையும் நாம் ஏற்கிறோம் என்று சொல்லவில்லை. நிக்காஹுக்கு வெளியே உள்ள உறவைப் பற்றி நம் மார்க்கத்தின் நிலை மாறாதது, அதை நாம் பாடத்தில் மாற்றப்போவதும் இல்லை. ஆனால் ஹராமை ஹராம் என்று சொல்வதற்காவது வாயைத் திறக்க வேண்டும் அல்லவா? எது என்று பெயர் சொல்லாமல் "தப்புத் தண்டாவுக்குப் போகாதே" என்றால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல் நம் சென்னையில். பிறகு புள்ளிராஜா விளம்பரம் வந்தபோது தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. நம் மிம்பர்களில் பேசினோமா என்றால், மிகக் குறைவு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தங்கள் இஹ்யாவில் இல்லற ஒழுக்கத்துக்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார்கள். இன்று நம் மாப்பிள்ளைப் பையன்கள் அதைப் படிக்கவில்லை. போனில் பார்த்த அசிங்கத்தை இல்லறம் என்று நினைத்துக்கொண்டு மணவறைக்குள் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ ஒன்றுமே தெரியாது. முதல் மூன்று மாதத்தில் தலாக், குலா என்று நம்மிடம் வரும் பஞ்சாயத்துகள் சிலவற்றின் உள்ளே போய்ப் பார்த்தால் இதுதான் இருக்கிறது. சாட்சிக்கு இருக்கும் பெரியவர்கள் சீர்வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். காரணத்தைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கும் வார்த்தை இருக்காது, எட்டு வயதுப் பையனுக்கு இல்லாமல் போனதைப் போலவே.

சென்ற ஷஅபானில் பத்திலிருந்து பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மூன்று நாள் வகுப்பு வைத்துப் பார்த்தோம். ஒரு ஆலிமாவும், ஒரு டாக்டரம்மாவும் நடத்தினார்கள். பெயர் எழுதாமல் சந்தேகங்களைத் துண்டுச் சீட்டில் போட ஒரு பெட்டி வைத்தோம். வந்த சீட்டுகளைப் படித்தபோது டாக்டரம்மா சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. "எனக்கு உதட்டுக்கு மேல முடி வருது, நான் ஆம்பளையா ஆயிடுவேனா?" "அந்த நாள்ல தஸ்பீஹ் தொடலாமா?" "பேடை எங்க போடறது, வீட்ல காக்கா பாத்துடுவாங்க." "வலி தாங்க முடியல, உம்மா எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்றாங்க." இரண்டாம் நாள் ஒரு சீட்டு. "போன்ல ஒருத்தன் படம் கேக்குறான். ஏற்கனவே ஒண்ணு அனுப்பிட்டேன். இன்னும் அனுப்பலைன்னா வாப்பாட்ட காட்டுவேன்கிறான். மவுத்தாயிடலாம் போல இருக்கு."

டாக்டரம்மா அந்தச் சீட்டை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொன்னார்கள்: இப்படி யாருக்காவது நேர்ந்தால் மிரட்டுபவன்தான் குற்றவாளி, பயந்து இன்னொரு படம் அனுப்பாதீர்கள், அவன் அனுப்பியதை அழிக்காமல் வையுங்கள், பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள், மஃரிப் வரை நான் இந்த அறையிலேயே இருப்பேன். அன்று யாரும் வரவில்லை. அந்த ராத்திரி நம்மில் யாருக்கும் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் எல்லோரும் போனபிறகு செருப்பு மாட்டப் போன ஒரு பிள்ளை திரும்பி வந்தது.

உம்மாவை அழைத்துப் பேசினோம். அவர்கள் முதலில் சொன்னது, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுகிறேன் என்பதுதான். போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, பதினெட்டு முடிந்ததும் கட்டிக்கொடுத்துவிடுகிறேன் என்றார்கள். அழுதார்கள். நிறுத்தினால் அடுத்த பிள்ளை வாய் திறக்காது, உங்கள் பிள்ளை சொன்னதற்குத் தண்டனை அடைந்தாள் என்று எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆலிமா எடுத்துச் சொன்னார்கள். சபுரில் இருந்த வாப்பாவிடம் நாமே பேசினோம். அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "புள்ளை சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். புகார் முறைப்படி கொடுக்கப்பட்டது. மிரட்டல் நின்றது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வேறு எதுவும் அவளைப் பற்றிச் சொல்ல மாட்டோம், யாரும் கேட்கவும் வேண்டாம்.

இப்போது நடைமுறை. பள்ளி விடுமுறையில் இந்த வகுப்பைத் தொடர்ந்து நடத்த முடிவு செய்திருக்கிறோம். பத்து முதல் பன்னிரண்டு வயது ஒரு பிரிவு, பதின்மூன்று முதல் பதினைந்து ஒரு பிரிவு. ஆண்பிள்ளைகளுக்குத் தனி இடம், தனி நாள். இமாம் ஹஜ்ரத்தும் ஒரு டாக்டரும் நடத்துவார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஆலிமாவும் டாக்டரம்மாவும். முதல் வகுப்பில் பெற்றோர் உட்கார்ந்து என்ன சொல்லித் தரப்போகிறோம் என்பதை முழுவதுமாகக் கேட்டுக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். நிக்காஹ் பதிவுக்கு வரும் மணமக்களுக்கும் ஒரு நாள் வகுப்பு வைப்பதைப் பற்றி ஜமாஅத்துடன் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது, மறைக்கவில்லை. நம் மக்தபிலோ வகுப்பிலோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் யாரும், ஹஜ்ரத் உட்பட, ஒரு பிள்ளையோடு தனியறையில் கதவைச் சாத்தி இருக்கக் கூடாது என்று விதி செய்திருக்கிறோம். இமாம் அவர்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள், ஜஸாக்கல்லாஹ்.

சேர்க்கைப் படிவம் அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு கிடைக்கும். கட்டணம் கிடையாது. கேள்விப் பெட்டியை இனி நிரந்தரமாக நூலக வாசலில் வைக்கிறோம். பிள்ளைகளும் போடலாம், பெற்றோரும் போடலாம், பெயர் வேண்டாம். அதன் சாவி டாக்டரம்மாவிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது.